குஞ்சு பறந்தப்புறமும் கூட்டைப் பாக்கணும்னா: 8×42 பைனாகுலர், பத்து மாச ரிவ்யூ

வாங்கி பத்து மாசம் ஆச்சு. பார்சல் பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட்டு எழுதுறதால வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, நானும் அந்த மாதிரி ரிவ்யூ எல்லாம் ராத்திரி ராத்திரியா படிச்சுக் குழம்பினவன்தான், அதனால மழை, உப்புக்காத்து, ஆடிக்காத்து எல்லாத்தையும் இது ஒரு சுத்து பாத்து முடிக்கட்டும், அப்புறம் எழுதுவோம்னு வச்சிருந்தேன். 8×42 (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் அகலம் 42 மில்லிமீட்டர்), ரூஃப் பிரிசம் (ரெண்டு குழலும் நேரா இருக்கிற மாதிரி), தண்ணி உள்ள போகாத வகை, எனக்கு 14,500 ரூபாய் ஆச்சு. கம்பெனி பேரு எழுதல. நான் சொல்ல வர்றது அந்த ஒரு மாடலைப் பத்தி இல்ல, இந்த சைஸைப் பத்தி, இதே விலையில நாலஞ்சு கம்பெனிக்காரங்க கிட்டத்தட்ட இதே சாமானைத்தான் விக்கிறாங்க. மார்க்கு கேட்டா 5-க்கு 4. அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு கீழ சொல்றேன்.

வாங்கினதே விராலடிப்பான்ங்கிற மீன் பிடிக்கிற பருந்துக்காகத்தான். எங்க கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி காயல்ல, பழையாறு கடல்ல சேர்ற இடத்துல, ஐப்பசி வாக்குல ஒண்ணு ரெண்டு வந்து பங்குனி வரைக்கும் நிக்கும். வலைக்காரங்க தண்ணிக்குள்ள நட்டு வச்ச கம்பு மேல உக்காந்திருக்கும், வெறுங்கண்ணுல பாத்தா வெள்ளையும் தவிட்டு நிறமுமா ஒரு பருந்து, அவ்வளவுதான் தெரியும். கண்ணு வழியா கழுத்துப் பக்கம் போற அந்தக் கறுப்புப் பட்டை தெரிஞ்சாத்தான் இது விராலடிப்பான்னு அடிச்சுச் சொல்லலாம். எனக்கு அது மீன் பிடிக்கிறதை முகத்துக்கு நேரா பாக்கணும்னு வருஷக்கணக்கா ஆசை. ரெண்டு காலையும் முன்னாடி நீட்டிக்கிட்டு தண்ணியில விழும், முங்கி எந்திரிச்சு மேல வந்ததும் அந்தரத்துலயே நனைஞ்ச நாய் உதறுற மாதிரி உடம்பை ஒரு உதறு உதறும், அப்புறம் மீனோட தலை முன்னாடி பாக்குற மாதிரி திருப்பிப் பிடிச்சுக்கிட்டு போகும். அதோட வெளிவிரலை பின்னாடி திருப்பிக்க முடியும், முன்ன ரெண்டு பின்ன ரெண்டுன்னு வச்சுத்தான் வழுவழுன்னு இருக்கிற மடவை மீனை விடாம பிடிக்குது. பிப்ரவரி ரெண்டாவது வாரம் கீழமணக்குடி கரையில நின்னு இந்த பைனாகுலர்ல அதை முதல் தடவை முழுசா பாத்தேன், மீனோட வாலு துடிக்கிறது வரைக்கும் தெரிஞ்சுது, பின்னாடியே ரெண்டு செம்பருந்து அந்த மீனைப் பிடுங்க துரத்துச்சு. அந்த அஞ்சு நிமிஷத்துக்கே குடுத்த காசு சரியாப் போச்சுன்னு அன்னைக்குத் தோணுச்சு.

மார்ச் கடைசியில அந்தக் கம்பு காலி. அதுக்கு இங்க கூடு கிடையாது, கூடு கட்டுறது குஞ்சு பொரிக்கிறது எல்லாம் வடக்க போய்த்தான், முதல் வருஷக் குஞ்சு மட்டும் சில நேரம் திரும்பிப் போகாம கோடைக்கும் இந்தப் பக்கமே தங்கிரும். ஆனா தெற்கு ஃப்ளோரிடா, ஆஸ்திரேலியா கரையோரம்னு சில இடங்கள்ல விராலடிப்பான் வருஷம் முழுக்க ஒரே ஊர்ல இருக்கும், அங்கெல்லாம் கூட்டுக்கு மேல கேமரா கட்டி நேரலையில காட்டுறாங்க. எல்லாரும் முட்டை வர்ற நேரத்துலயும் குஞ்சு இருக்கிற நேரத்துலயும்தான் பாப்பாங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் உள்ள மாசங்கதான், காலிக் கூட்டுக்கு ஒரு பறவை வந்து விளிம்புல நின்னு சுத்திப் பாத்துட்டு ஒரே ஒரு குச்சியை வச்சுட்டுப் போகும், ஏன் வந்துச்சுன்னு மணிக்கணக்கா நான் யோசிச்சிருக்கேன். நம்ம ஊர்லயே வருஷம் முழுக்க இருக்கிற, மீனும் தின்னுற ஒரு பருந்தோட கூட்டை அந்த மாதிரி யாரும் பாக்காத மாசங்கள்ல பாத்தா என்னன்னு நினைச்சப்போ, எங்க வீட்டு மொட்டை மாடிக்கு நேரா செம்பருந்து கூடு இருந்துச்சு.

செம்பருந்துன்னா எல்லாருக்கும் தெரியும், வெள்ளைத் தலை வெள்ளை நெஞ்சு, மிச்சமெல்லாம் செங்கல் நிறம். எங்க ஆச்சி கருடன்னுதான் சொல்லும், தலைக்கு மேல வட்டம் போட்டா வேலையை விட்டுட்டு நிமிந்து பாத்து கன்னத்துல போட்டுக்கும். கூடு இருக்கிறது சித்தி வீட்டுத் தோப்புல ஒரு தென்னையில, எங்க மாடியில இருந்து கிட்டத்தட்ட 120 மீட்டர். எந்த ஊரு எந்தத் தோப்புன்னு சொல்ல மாட்டேன், யாரும் கேக்க வேண்டாம், கூட்டைத் தேடி வண்டியில வர்ற கூட்டத்தால என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மார்கழியில குச்சி சுமந்து, தையில அடைகாத்து, மாசி பங்குனியில தீனி ஊட்டி, ஏப்ரல் மூணாவது வாரம் குஞ்சு பறந்துருச்சு. ரெண்டு முட்டை வழக்கமாம், இங்க வெளிய வந்து நின்னது ஒரு குஞ்சுதான். அத்தோட வீட்ல எல்லாரும் "இனி என்ன பாக்க இருக்கு, உள்ள எடுத்து வை"ன்னு சொன்னாங்க. நான் அப்பத்தான் ஆரம்பிச்சேன்.

இப்போ சைஸுக்கு வர்றேன், ஏன்னா தப்பு பண்றது பெரும்பாலும் இங்கதான். கடைக்குப் போனா "எவ்ளோ ஜூம் சார்"னுதான் பேச்சே ஆரம்பிக்கும், 20×50 எடுத்துக் கையில குடுப்பாங்க, நிலாவுல உள்ள பள்ளம் கூடத் தெரியும்னு சொல்லுவாங்க. ஜூம் கூடக்கூட கை நடுக்கமும் அதே அளவு கூடும், பாக்குற இடம் சுருங்கும், வெளிச்சம் கம்மியாகும். வெளிச்சக் கணக்கு சுளுவு, பெரிய நம்பரை சின்ன நம்பரால வகுக்கணும். 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25 மில்லிமீட்டர், 50-ஐ 20-ஆல வகுத்தா 2.5. கண்ணுக்குள்ள வர்ற ஒளிவட்டத்தோட அகலம் அது. நட்டநடு மத்தியானத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா காலம்பற ஆறு மணிக்கும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் 2.5 வச்சிருக்கிறவனுக்கு தென்னை ஒரு கறுப்பு உருண்டையாத்தான் தெரியும். கூட்டுக்குப் பருந்து வந்து போறது பெரும்பாலும் அந்த ரெண்டு நேரத்துலதான்.

பாக்குற இடத்தோட அகலம் என்னோடதுல 7.5 டிகிரி, அதாவது 1000 மீட்டர்ல 131 மீட்டர் அகலம். 120 மீட்டர்ல சுமார் 16 மீட்டர். ஒரு தென்னை மண்டை முழுசும், பக்கத்து மரத்தோட பாதி ஓலையும் ஒரே பார்வையில அடங்கிரும். இது எனக்கு ஏன் முக்கியம்னா, சீசன் இல்லாத நேரத்துல பருந்து கூட்டுக்குள்ள உக்காராது, கூட்டுக்குப் பக்கத்துலதான் எல்லாமே நடக்கும். ஒண்ணு மட்டை மேல உக்காந்திருக்கும், இன்னொண்ணு பக்கத்து மரத்துல, காக்கா ஒண்ணு பின்பக்கமா வந்து குச்சி திருடும், இதெல்லாம் ஒண்ணா தெரியணும். கூட்டை மட்டும் பெருசாக்கிக் காட்டுற ஜூம் இருந்தா காலிக் கூட்டையே பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். 8 மடங்குல 120 மீட்டர்ங்கிறது 15 மீட்டர்ல நிக்கிற மாதிரி, பருந்தோட மஞ்சக் காலும் நகமும் தெரிய அது போதும்.

ஆடி மாசம்தான் உண்மையான பரீட்சை. எங்க மாவட்டத்துக் காத்து தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்தாடி அவ்வளவு நட்டு வச்சிருக்கிறது சும்மா இல்ல, ஆனி ஆடியில தென்னை நிக்கிற நிலையில நிக்காது, மண்டை ஒரு பக்கமா சாய்ஞ்சு ஓலை எல்லாம் ஒரே திசையில சீவி விட்ட தலைமுடி மாதிரி பறக்கும், கூடு அதோட சேந்து ஊஞ்சல் ஆடும். மரமும் ஆடும், நிக்கிற நம்மளும் ஆடுவோம். சேக்காளி ஒருத்தன் வச்சிருந்த 10×42-வ வாங்கிப் பாத்தேன், நல்ல கிளாஸ்தான், தெளிவும் கொஞ்சம் கூடத்தான், ஆனா அந்தக் காத்துல அஞ்சு நிமிஷத்துல தலைவலி வந்துருச்சு. 8-ல முழங்கையை கைப்பிடிச் சுவர்ல ஊன்றிக்கிட்டு அரை மணி நேரம் பாக்கலாம், நான் பாத்திருக்கேன்.

அந்த ஆனி ஆடியிலதான் என் நோட்டுல எழுதினது அதிகம். நம்ம மேற்குக் கரையில ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு போகாது. வள்ளமும் கட்டுமரமும் போகும்தான், ஆனா இந்தக் காத்துல அதுவும் பல நாள் கரையில கவுந்து கிடக்கும், அப்போ கரையில சிந்துற சாளையும் கழிவு மீனும் கொறைஞ்சிரும், அதை நம்பி இருக்கிற பருந்துக்கும் அது பஞ்ச காலம். எங்க ஜோடி அப்போ கடல் பக்கம் விட்டுட்டு கன்னிப்பூ (முதல் போக நெல்லு) வயல்ல வரப்பு மேல தாழப் பறந்து நண்டு எடுத்துச்சு. வயல் நண்டைத் தூக்கிட்டு வந்து, சாப்பிடுறதுக்கு எங்க வந்து உக்காந்துச்சு தெரியுமா, அந்தப் பழைய கூட்டு விளிம்புலதான். சுத்தி அத்தனை மரம் இருக்கு. நாலு நாள் தொடர்ச்சியா பாத்தேன், நாலு நாளும் அங்கதான். ஓடு உடைஞ்சு கீழ விழுந்ததை மறுநாள் சித்தி வீட்டு மரத்தடியில போய்ப் பொறுக்கினேன், இப்பவும் ஒரு டப்பாவுல வச்சிருக்கேன்.

குஞ்சும் அதுவரைக்கும் ஊரை விட்டுப் போகல. தவிட்டு நிறத்துல கோடு கோடா இருக்கும், கள்ளப்பருந்துன்னு நினைச்சுருவோம், வாலைப் பாக்கணும், கள்ளப்பருந்துக்கு வால் நடுவுல வெட்டு விழுந்திருக்கும், செம்பருந்துக்கு வட்டமா முடியும். ஒரு நாள் சாயங்காலம் அந்தக் குஞ்சு காஞ்ச ஓலைத்துண்டு ஒண்ணை மேல தூக்கிட்டுப் போய் விட்டுச்சு, அது காத்துல சுத்திக்கிட்டு விழ, பின்னாடியே பாய்ஞ்சு காலால பிடிச்சுது, மறுபடி விட்டுச்சு, மறுபடி பிடிச்சுது, ஆறு தடவை எண்ணினேன். இளம் செம்பருந்துங்க இந்த மாதிரி இலை குச்சி வச்சு விளையாடும்னு படிச்சிருந்தேன், நம்ம வீட்டு மாடியில இருந்து பாக்கக் கிடைக்கும்னு நினைக்கல. வேகமா போற பறவையை விடாம பின்தொடர இந்த அகலப் பார்வை அவ்வளவு உதவியா இருந்துச்சு. ஃபோகஸ் சக்கரம் ஒரு சுத்துக்குக் கொஞ்சம் கூடத்தான், கிட்ட இருந்து தூரம் போக ஒன்றரைச் சுத்து சுத்தணும், வேகமா வேணும்ங்கிறவங்களுக்கு இது குறை, எனக்கு மெதுவா நுணுக்கமா திருப்பக் கிடைக்கிறது பிடிச்சிருக்கு.

பெருசுங்க ரெண்டும் ஒண்ணா உக்காந்திருந்த நாள் கம்மி. ஜூன்ல பெரும்பாலும் ஒண்ணுதான் வரும், வந்து கூட்டுக்கு மேல உள்ள மட்டையில நின்னு, பூனைக்குட்டி மூக்கால அழுற மாதிரி நீளமா ஒரு சத்தம் குடுக்கும், பதில் வந்தா இருக்கும், வராட்டி போயிரும். ஆணா பெண்ணான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல, ரெண்டும் ஒரே நிறம். ஆனா ஒண்ணோட இடது சிறகுல ஒரு இறகு பாதி வளந்து நின்னுச்சு, இறகு உதிர்த்து புதுசு போடுற நேரம், அதை வச்சு ரெண்டு மாசம் இதுதான் அதுன்னு அடையாளம் பிடிச்சு எழுத முடிஞ்சுது. ஒரு முளைக்கிற இறகு 120 மீட்டர்ல தெரியுதுன்னா கிளாஸைப் பத்தி வேற என்ன சொல்ல.

வெள்ளைத் தலையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா பைனாகுலர் வாங்குறவங்களுக்கு செம்பருந்து ஒரு நல்ல டெஸ்ட். வெளுத்த மேகத்துக்கு முன்னாடி அந்த வெள்ளைத் தலையையும் செங்கல் நிற முதுகையும் வச்சுப் பாருங்க, மட்டமான கிளாஸ்ல தலையைச் சுத்தி ஊதாவும் பச்சையுமா ஒரு கோடு ஓடும். என்னோடதுல நடுவுல அது கிடையாது, ஓரத்துக்குப் போகப் போக லேசா ஊதா வரும், ஓரத்துல தெளிவும் கொஞ்சம் மங்கும். ஈடி கிளாஸ்னு தனி வகைக் கண்ணாடி போட்ட மாடல்ல இது இன்னும் கம்மியா இருக்கும், விலை கூடும். கடையில வாங்குறதா இருந்தா வெளிய கொண்டு வந்து தூரத்துக் கட்டிடத்தோட விளிம்பையோ கரண்டுக் கம்பியையோ பாத்து வாங்குங்க, கடைக்குள்ள சுவத்துக் காலண்டரைப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

தென்னை ஏறுற அண்ணாச்சி கதையைச் சொல்லாம இந்த ரிவ்யூ முழுசாகாது. ஜூலையில தேங்கா வெட்டு வந்துச்சு. அவரு இருபது வருஷத்துக்கு மேல எங்க பக்கத்துத் தோப்பெல்லாம் ஏறுறவரு. கூடு இருக்கிற மரத்துக் காயையும் வெட்டி, காஞ்ச மட்டை, பன்னாடை, கூடு எல்லாத்தையும் இழுத்துப் போட்டு மண்டையை சுத்தம் பண்ணிரலாம்னு சித்திகிட்ட சொல்லிட்டாரு, சித்தியும் சரின்னுட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு மரத்துக் காய் ரெண்டு வெட்டா அப்படியே நிக்குது, கூடு இருக்கிற நேரத்துல ஏறினப்போ அவரு தலையில நகத்தால கீறு வாங்கின தழும்பு இன்னும் இருக்கு.

"அண்ணாச்சி, அந்த மரத்தை மட்டும் இந்தத் தடவை விட்டுருங்களேன்"னு போய் நின்னேன்.

"தம்பி, கூடு காலியாத்தாம்லா கெடக்கு. குஞ்சு எறங்கிப் போயி மூணு மாசமாச்சு. வேணும்னா அது வேற கட்டிக்கிடும்."

1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்துல பறவைக் கூட்டைக் கலைக்கிறதும் வேட்டையோட சேத்திதான்னு எனக்குத் தெரியும், ஆனா அவருகிட்ட சட்டம் பேச எனக்கு மனசு வரல. "ஒரு பத்து நிமிஷம் மேல வாங்க"ன்னு கூட்டிட்டுப் போய் கையில இதைக் குடுத்தேன். முதல்ல அவருக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டு கறுப்பு வட்டம்தான் தெரியுதுன்னாரு. நடுவுல உள்ள கீலை மடக்கி அவரு கண்ணு அகலத்துக்கு வச்சு, அப்புறம் வலது கண் பக்கம் உள்ள டயாப்டர் வளையத்தை (ரெண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுறது) அவருக்கு ஏத்த மாதிரி திருப்பி, இதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு, புதுசா பாக்குறவங்களுக்குக் குடுக்கும்போது இந்த ரெண்டையும் பண்ணாம குடுத்துட்டு "தெரியுதா தெரியுதா"ன்னு கேக்கக் கூடாது. பருந்து வரல. ஒரு தேயிலை குடிச்சோம். இருபது நிமிஷம் இருக்கும், பாதி இறகுக்காரி (பெண்ணுன்னு நானா வச்சுக்கிட்டது) வாயில ஒரு குச்சியோட வந்து கூட்டு மேல இறங்குச்சு. குச்சியை ஒரு இடத்துல வச்சுது, எடுத்துச்சு, வேற இடத்துல செருகுச்சு. அண்ணாச்சி பைனாகுலரை இறக்கவே இல்ல.

"காலெல்லாம் மஞ்சளால்லா இருக்கு. எம்புட்டு வருசமா ஏறுதேன், அடிக்க வரும்போ பாத்ததுதான், மொகத்த இப்பத்தாம் பாக்கேன்"னாரு.

அந்த வெட்டுல அந்த மரத்துக்கு அவரு ஏறல. அடுத்த வெட்டுல, அதாவது செப்டம்பர்ல, ஏறினாரு, காயை மட்டும் இறக்கிட்டு கூடு தாங்குற மட்டையை எல்லாம் விட்டுட்டு வந்தாரு, அன்னைக்கு அதுங்க ரெண்டும் கொஞ்ச நேரம் சுத்திச் சுத்திக் கத்துச்சு, சாயங்காலமே திரும்பி வந்து உக்காந்துருச்சு. அடைகாக்குற நேரத்துல இதைச் செய்ய முடியாது. சீசன் இல்லாத மாசத்துல கூட்டைப் பாத்ததாலதான் எப்போ ஏறலாம் எப்போ ஏறக்கூடாதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது.

இப்போ அந்த ஒரு மார்க்கு. அஞ்சாவது மாசம் இடது கண் பக்கத்து ரப்பர் கப் லூஸாச்சு, மேல தூக்கி வச்சா நிக்காம தானா இறங்கிரும். எனக்குக் கண்ணாடி உண்டு, கண்ணாடி போட்டவங்க கப்பை இறக்கி வச்சுத்தான் பாக்கணும், அதனால எனக்கு வேலை கெடல, ஆனா கண்ணாடி இல்லாதவங்களுக்கு இது பெரிய தொந்தரவு. சர்வீஸுக்கு அனுப்பினேன், திரும்பி வர 43 நாள் ஆச்சு, நடுவுல நாலு தடவை போன் பண்ணி நாலு பதில், நல்லவேளை ஆகஸ்ட் கடைசிக்கு அப்புறம்தான் அனுப்பினேன். அந்த 43 நாள் குறிப்பு என் நோட்டுல இல்ல, அதை எதால ஈடு கட்ட முடியும். ரெண்டாவது, கூட வந்த கழுத்துப் பட்டை சுத்தமா சரியில்ல, 650 கிராம் ஒரு மணி நேரம் பின்கழுத்துல தொங்கினா எரியும், தோள் ரெண்டுலயும் மாட்டுற வார் தனியா 700 ரூபாய்க்கு வாங்கினேன், அதுக்கப்புறம் கனமே தெரியல. மூணாவது, தங்கச்சி மகளுக்கு ஆறு வயசு, அவளுக்கு எவ்வளவு மடக்கினாலும் ரெண்டு கண்ணும் சேரல, 56 மில்லிமீட்டருக்குக் கீழ மடங்காது. சின்னப் பிள்ளைங்களுக்குன்னா 8×25, 8×30 மாதிரி சின்னது பாத்து வாங்குங்க.

கண்ணாடி போட்டவங்க கண்டிப்பா பாக்க வேண்டியது ஐ ரிலீஃப்னு ஒரு நம்பர், கண்ணு லென்ஸை விட்டு எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுசா தெரியும்ங்கிற தூரம் அது, 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கணும், என்னோடது 17. அது கம்மியா இருந்தா சாவித்துவாரம் வழியா பாக்குற மாதிரி ஓரமெல்லாம் கறுப்பாயிரும்.

கடலோரத்துக்காரங்களுக்கு இன்னொண்ணு. மணக்குடி, ராஜாக்கமங்கலம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி ஆறு கடல்ல சேர்ற பொழிமுகத்துல ஒரு மணி நேரம் நின்னாலே லென்ஸ் மேல உப்பு படியும், கண்ணுக்குத் தெரியாது, சட்டை நுனியால துடைச்சா உப்புக்கல்லு கோட்டிங்கைக் கீறிரும். முதல்ல ஊதுற பல்பால ஊதி, அப்புறம் லென்ஸ் திரவம் ரெண்டு சொட்டு விட்டு மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுக்கணும். உடம்பை ஈரத்துணியால துடைச்சாப் போதும். உள்ள நைட்ரஜன் அடைச்சிருக்கிறதால ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்தாலும் உள்பக்கம் பனி பிடிக்கல, ஐப்பசி மழையில ரெண்டு தடவை முழுசா நனைஞ்சும் ஒண்ணும் ஆகல. ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை பிடிக்கும், தோல் பைக்குள்ள மூடி வைக்காதீங்க, காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. முக்கியமா, கன்னியாகுமரிக்கு வந்து சூரிய உதயம் பாக்குற ஆசையில யாரும் பைனாகுலரை சூரியனுக்கு நேரா தூக்காதீங்க, பிள்ளைங்க கையில குடுத்தா பக்கத்துலயே நில்லுங்க, ஒரு நொடியில கண்ணு போயிரும்.

வாங்கிட்டு எங்க போய்ப் பாக்கன்னு கேட்டா, சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்தது, ரெண்டுமே நாகர்கோவில்ல இருந்து பக்கம், ரோட்டோரமா நின்னே பாக்கலாம். புத்தளம் உப்பளம் கரைப்பறவைக்கு நல்லது, ஆனா உப்பளத்துல தூரம் கூட, 8 பத்தல, அங்க மட்டும் ஸ்டாண்டுல வைக்கிற ஸ்கோப் இருந்தா நல்லாருக்கும்னு தோணும். மணக்குடியில காலம்பற கிழக்குக் கரையில நின்னு மேக்க பாத்தா வெயில் முதுகுப் பக்கம், விராலடிப்பான் உக்கார்ற கம்பெல்லாம் பளிச்சுன்னு தெரியும். அலையாத்திப் பக்கம் உள்ள போகத் தேவையில்ல. கூடு எங்க பாத்தாலும் 100 மீட்டராவது தள்ளி நில்லுங்க, பறவை கழுத்தை நீட்டி நம்மளையே பாத்துச்சுன்னா நாம கிட்ட போயிட்டோம்னு அர்த்தம், பின்னாடி வந்துரணும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

அக்டோபர் கடைசியில விராலடிப்பான் வந்துருச்சு, அதே வரிசைக் கம்புல. போன வருஷத்துதானா வேற ஒண்ணான்னு அடையாளம் எதுவும் கிடைக்கல, கிடைக்குதான்னு தினமும் தலைப்பட்டையையும் நெஞ்சுப் புள்ளியையும் வரைஞ்சு வச்சுக்கிட்டு இருக்கேன், அதுக்கு 8 மடங்கு போதுமான்னு பங்குனியில வந்து இங்கேயே எழுதுறேன். தென்னையில நவம்பர் முழுக்க மழையோட மழையா வாரத்துக்கு ஒரு குச்சி ரெண்டு குச்சின்னு இருந்துச்சு, கும்பப்பூ (ரெண்டாம் போகம்) நடவு முடிஞ்ச வயல்ல இருந்து சேறு ஒட்டின வேரோட கூட ஒண்ணு கொண்டு வந்துச்சு. இந்த வாரம் வேகம் கூடியிருக்கு, நேத்து மட்டும் காலம்பற ஒரு மணி நேரத்துல ஏழு தடவை. அண்ணாச்சி நேத்து சாயங்காலம் வந்து மாடியில நின்னு பாத்துட்டு, சித்தி தோப்புல அடுத்த வெட்டை இந்த வெள்ளிக்கிழமையே முடிச்சிரலாம், தை பிறந்தா அந்த மரத்துப் பக்கம் போகண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.